புகையானுக்குப் பிடித்த நெல்

இந்தியாவில் எந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தாங்கும் ரகங்களைத் தேடினாலும், சோதனைத் தட்டில் இரண்டு நெல்லை மறக்காமல் விதைப்பார்கள். ஒன்று தைச்சுங் நேட்டிவ் 1. மற்றொன்று பிடிபி 33. நாற்று இரண்டு மூன்று இலை விட்டதும் புகையான் குஞ்சுகளைத் தட்டின்மேல் உதறிவிடுவார்கள். முதல் நாள் எல்லா வரிசையிலும் பூச்சி தெரியும். பிறகு கூட்டம் மெல்ல இடம் மாறும். சில வரிசைகளில் அடர்ந்துகொள்ளும், சிலவற்றில் குறைந்துவிடும். பத்து நாள் போவதற்குள் தைச்சுங் நேட்டிவ் 1 பழுத்து, துவண்டு, சாய்ந்திருக்கும். அதன் பக்கத்திலேயே பிடிபி 33 பச்சையாக நிற்கும். முன்னது முழுதும் செத்த பிறகுதான் மற்ற ரகங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள்.

தைச்சுங் நேட்டிவ் 1, 1960களின் நடுவில் தைவானிலிருந்து வந்து, இந்தியாவின் பசுமைப் புரட்சிக்குக் குட்டைப் பயிரை அறிமுகப்படுத்திய நெல். பிடிபி 33, கேரளத்தின் பட்டாம்பி ஆராய்ச்சி நிலையம் தந்த பழைய ரகம். ஒரே தட்டு, ஒரே மண், ஒரே தண்ணீர். பூச்சி ஒன்றைக் குடித்துத் தீர்க்கிறது, மற்றதை விட்டு விலகுகிறது.

பூச்சி தன் பயிரைத் தேர்ந்தெடுக்கிறது என்கிறோம். அதற்கு முன்பே ஒரு தேர்வு நடந்து முடிந்திருக்கிறது. எந்த விதை, எவ்வளவு உரம், எவ்வளவு நெருக்கம், பக்கத்து வயலில் என்ன பயிர் என்பதையெல்லாம் மனிதர்கள் முடிவுசெய்த பிறகே பூச்சி வந்து இறங்குகிறது. கடந்த அறுபது ஆண்டுகளில் காவிரிக் கரையில் பூச்சி மாறியதைவிட, அதன் முன்னால் நாம் வைத்த பயிர் பல மடங்கு மாறிவிட்டது. புகையானின் கதை அந்த மாற்றத்தின் கதை.

அன்று: ஊருக்கு ஒரு நெல்

1950களின் தஞ்சை டெல்டாவில் மேட்டுக்கு ஒரு நெல், பள்ளக்காலுக்கு ஒரு நெல், தண்ணீர் தேங்கும் கடைமடைக்கு ஒரு நெல் என்று விதை வைத்திருந்தார்கள். குறுவைப் பட்டத்துக்குப் பூங்கார், கருங்குறுவை. சம்பாவுக்கு மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா, குடவாழை எனப் பட்டியல் நீளும். அரசு ஆராய்ச்சி நிலையங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ரகங்களும் இவற்றோடு நின்றன. பெரும்பாலானவை நெஞ்சளவு வளரும் பயிர்கள். உரம் கூடினால் கதிர் முற்றுமுன் சாய்ந்துவிடும். அதனால் தழை மிதிப்பதும், தொழுவுரம் கொட்டுவதும், கோடையில் ஆட்டுக்கிடை போடுவதுமாகப் பயிருக்கு ஊட்டம் அளவோடு போனது.

நீருக்கும் ஒரு கணக்கு இருந்தது. மேட்டூர் அணை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும். தை அறுவடைக்குப் பிறகு ஈரம் காயுமுன் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பார்கள். அதற்குப் பிறகு நிலம் காய்ந்து கிடக்கும். நெல்லை நம்பி வாழும் பூச்சிக்குத் தை கழிந்து ஆனி வரும்வரை பட்டினிக்காலம். புகையான் அப்போதும் இருந்தது. ஆனால் அன்றைய பூச்சியியல் நூல்களில் அது பெரிய இடம் பெறவில்லை. குருத்துப்பூச்சியும் கதிர்நாவாய்ப்பூச்சியும்தான் விவசாயியின் கவலை.

இதைச் சொல்லும்போது அந்தக் காலத்துப் பசியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விளைச்சல் குறைவு. 1960களின் நடுவில் மழை பொய்த்தபோது அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நாடு எதிர்பார்த்து நின்றது. 1967 தேர்தலில் தமிழ்நாட்டின் மேடைகளில் அரிசித் தட்டுப்பாடுதான் பெரும் பேச்சு. நெல் மாறத்தான் வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தைப் பூச்சி எப்படிப் பார்க்கும் என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் அவகாசம் இல்லை.

நாக்கும் மூக்கும்

பூச்சிக்குத் தன் பயிர் எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் இயல்பூக்கம் என்ற ஒரே பதில்தான் இருந்தது. பூச்சிகளுக்குத் தாவரங்களை இனம் காணும் உணர்வு பிறவியிலேயே அமைந்திருக்கிறது என்று பிரான்சின் பூச்சியியலாளர் ழான் ஆன்ரி ஃபாபர் கருதினார். அவை எதைக் கொண்டு இனம் காண்கின்றன என்பது தெரியாமலே இருந்தது.

1910இல் ஆம்ஸ்டர்டாமில் எட்வர்ட் வெர்ஷாஃபெல்ட் என்ற தாவரவியலாளர் அதற்கு எளிய ஒரு சோதனை செய்தார். முட்டைக்கோஸைத் தின்னும் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழுக்களை எடுத்துக்கொண்டார். அவை வழக்கமாகத் தொடாத செடியின் இலைமேல் சினிகிரின் என்ற பொருளைத் தடவி வைத்தார். கடுகுக்குக் காரம் பிறப்பது அந்தப் பொருளிலிருந்துதான். முட்டைக்கோஸிலும் அதே குடும்பச் சத்துகள் உண்டு. புழுக்கள் அந்த இலையைத் தின்றன. பயிரை இனம் காட்டியது ஒரு வேதிப்பொருள் என்பது அன்றைக்கு வெளிப்பட்டது.

1959இல் பூச்சியியலாளர் காட்ஃபிரீட் ஃபிரேங்கல் அந்தச் சிந்தனையை விரிவாக்கினார். செடி வளர்வதற்கு நேரடியாக உதவாத காரமும் கசப்பும் துவர்ப்பும் எதற்கு? பூச்சிகளை விரட்டத்தான் என்றார். அந்த நஞ்சைத் தாங்கக் கற்ற சில பூச்சிகளுக்கோ அதுவே வழிகாட்டும் அடையாளமாகிவிடுகிறது. பெரும்பாலான பூச்சிகளைத் துரத்தும் கடுகின் காரம், முட்டைக்கோஸ் புழுவை அழைப்பது இப்படித்தான்.

இன்றைய அறிவு இன்னும் நுட்பமானது. தொலைவிலிருந்து வரும் பூச்சியை நிறமும் மணமும் அழைக்கின்றன. வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மஞ்சள் பிடிக்கும். வயலில் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவது அதனால்தான். மணத்தில் விந்தை ஒன்று உண்டு. பச்சை இலைகள் விடும் வாசனைப் பொருள்கள் பெரும்பாலும் எல்லாச் செடிக்கும் பொதுவானவை. அவை கலந்திருக்கும் விகிதத்தில்தான் செடியின் அடையாளம் இருக்கிறது. உருளைக்கிழங்கு இலையின் மணத்தைத் தேடிப் போகும் கொலராடோ வண்டு, அந்த மணத்திலுள்ள பொருள்களில் ஒன்றின் அளவைக் கூட்டினால் திசை தெரியாமல் நின்றுவிடுகிறது என்று 1978இல் வெளியான ஆய்வு காட்டியது. அவரை இன அசுவினியை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. சேர்ந்திருக்கும்போது அந்த அசுவினியை அழைக்கும் வாசனைப் பொருள்களே தனித்தனியாக இருந்தால் அதை விரட்டுகின்றன என்று அதில் தெரிந்தது. கலப்புப் பயிருக்குள் பூச்சி தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

கிட்டே வந்த பிறகு காலும் வாயும் சோதிக்கின்றன. புகையானிடம் இந்தப் படிகளை வரிசையாகப் பார்க்கலாம். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு பூச்சி அது. நீள இறக்கை கொண்டவை காற்றேறி வெகுதூரம் போகும். சீனம், கொரியா, ஜப்பான் வயல்களுக்கு ஆண்டுதோறும் தெற்கேயிருந்து அப்படித்தான் புகையான் போய்ச் சேர்கிறது. காற்றில் போகும்போது தேர்ந்தெடுக்க வழியில்லை. இறங்கிய பிறகே தேர்வு தொடங்குகிறது. தண்டில் உட்கார்ந்ததும் மேற்பரப்பு மெழுகைச் சோதிக்கும். மெழுகு ஒத்துவராத ரகத்தில் அது அடித்தூரில் தங்காமல் தண்டில் மேலே ஏறிப் போய்விடும். ஒத்துவந்தால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில், ஊசி போன்ற வாயை இலையுறைக்குள் இறக்கும்.

உள்ளே நடப்பதுதான் கடைசிச் சோதனை. செடியில் சர்க்கரையும் தழைச்சத்தும் ஓடும் சாற்றுக்குழாயைத் தேடிப் பிடித்து ஒரு வாய் குடிக்கும். பிடித்தால் மணிக்கணக்கில் அசையாது. அது கழிக்கும் இனிப்பு நீர் தூரெல்லாம் வழிந்து அதன்மேல் கரும்பூஞ்சை படரும். பிடிக்காவிட்டால் ஊசியை உருவிக்கொண்டு பக்கத்தில் குத்தும், மறுபடி உருவும், கடைசியில் போய்விடும். எதிர்ப்புத் திறன் உள்ள நெல்லின் தண்டைச் சாயமிட்டுப் பார்த்தால் குத்திய வடு மிகுதி, குடித்த சாறு குறைவு. புகையானின் தேர்வில் பாதிக்கு மேல் நிராகரிப்புத்தான்.

புது நெல்லும் புது விருந்தும்

1960களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. 1966இல் ஐஆர் 8, அதற்குப் பின் ஐஆர் 20. ஐஆர் நெல் குட்டைப் பயிர், யூரியா போட்டாலும் சாயாது, தூர் கட்டித் தள்ளும், நாள் குறைவு. விளைச்சல் ஏறியது, ரேஷன் கடையில் அரிசி நின்றது. அந்த நெல்லை உருவாக்கியவர்களுக்கும் நட்டவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பூச்சியின் பக்கத்திலிருந்தும் பார்ப்போம். தழைச்சத்து கூடிய பயிரின் சாற்றில் அமினோ அமிலம் கூடும். அதைக் குடித்த பெண் புகையான் அதிக நாள் வாழ்ந்து, அதிக முட்டை இடும். அடர்ந்த தூருக்குள் வெயில் இறங்காது. அடித்தண்டு எப்போதும் ஈரமாக இருக்கும். பம்புசெட்டும் குறுகிய கால ரகங்களும் சேர்ந்ததும் ஒரே நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு, சில இடங்களில் மூன்று போகம் நெல். பட்டினிக்காலம் சுருங்கிப் போயிற்று. வயலுக்கு வயல் வேறாக இருந்த நெல் மைல் கணக்கில் ஒன்றாகியது. ஒரு வயலில் ஒத்துவந்த பூச்சிக்கு அடுத்த நூறு வயலும் ஒத்துவந்தது.

1973–74இல் கேரளத்தின் குட்டநாட்டில் புகையான் பேரழிவாக வந்தது. பயிர் வட்ட வட்டமாகப் பழுத்து, தீயில் வாட்டியது போல் காய்ந்தது. அதே பத்தாண்டில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இலங்கை என ஆசியா முழுதும் அதுவே பேச்சு. நூலில் ஓரமாக இருந்த பூச்சி முதலிடத்துக்கு வந்துவிட்டது.

மருந்து அடித்தார்கள். அது நெருப்பை ஊதிவிட்டது. வயலில் புகையானைப் பிடித்துத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் முதலில் செத்தன. இலையுறைக்குள் இருந்த புகையான் முட்டைகள் தப்பின. சில மருந்துகள் சாகாமல் மிஞ்சிய புகையானின் முட்டையிடும் திறனைக் கூட்டவும் செய்தன என்று பூச்சியியலாளர்கள் எஸ். செல்லையாவும் ஹெய்ன்ரிக்ஸும் 1980இல் எழுதினார்கள். இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்யும் அளவுக்கு நிலைமை முற்றியது.

பழைய நெல்லைத் தேடிப் போனார்கள்

பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், 1960களின் இறுதியிலேயே உலகெங்கும் சேகரித்த நெல் விதைகளைப் புகையான் முன் வைத்துச் சோதிக்கத் தொடங்கியிருந்தது. பூச்சி எதை விட்டு விலகுகிறது என்று பார்த்தார்கள். விடை பெரும்பாலும் தெற்காசியாவின் பழைய நெல்லில் கிடைத்தது. இந்திய ரகமான முட்கோவில் இருந்த எதிர்ப்பு மரபணுவுக்கு பிபிஎச் 1 என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது மரபணு கிடைத்தது அம்பாசமுத்திரம் நிலையம் தந்த ஏஎஸ்டி 7இல்.

திரூர்க்குப்பம் நிலையத்தின் டிகேஎம் 6 இன்னும் வியப்பானது. குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணத்துக்காக அதைப் பல கலப்புகளில் சேர்த்தார்கள். ஐஆர் 20க்கும் அது ஒரு பெற்றோர். டிகேஎம் 6 புகையானுக்கு இரையாகும் நெல்தான். ஆனாலும் அதை ஐஆர் 24 உடன் கலந்தபோது பிறந்த சந்ததிகளில் சில புகையானை எதிர்த்து நின்றன. டிகேஎம் 6க்குள் பிபிஎச் 1 ஒளிந்திருந்ததையும், வேறொரு மரபணு அதை அடக்கி வைத்திருந்ததையும் பிறகு கண்டார்கள். அந்தக் கலப்பில் வந்த ஐஆர் 26, 1973இல் புகையானைத் தாங்கும் ரகமாகப் பிலிப்பைன்ஸில் வெளியானது. திருவள்ளூர்ப் பக்கத்து நெல் ஒன்று தனக்கே பயன்படாத ஒரு காப்பை உள்ளே வைத்துக்கொண்டு கடல் கடந்து போயிருந்தது.

வெற்றி இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. ஐஆர் 26 பரவிய இடங்களில் அதைக் குடிக்கும் புகையான் பெருகிவிட்டது. 1976இல் இரண்டாவது மரபணுவோடு ஐஆர் 36 வந்தது. குர்தேவ் சிங் குஷ் தலைமையில் உருவான இந்த நெல் 1980களில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் நின்றது. அதே மரபணு கொண்ட ரகங்கள் இந்தோனேசியாவின் வட சுமத்ராவில் 1980களின் தொடக்கத்திலேயே தாக்குண்டன.

பூச்சி எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கான புகையானில் சிலவற்றுக்கு அந்த நெல்லின் சாறு பிறவியிலேயே ஒத்துப்போயிற்று. மற்றவை பட்டினியில் குறைய, அவை மட்டும் பெருகின. ஒரே மரபணுவை லட்சக்கணக்கான ஏக்கரில் விதைத்தபோது, அதைக் குடிக்கும் பூச்சியை நாமே தேர்ந்தெடுத்து வளர்த்தோம்.

நம் மண்ணுக்கு இதில் தனிப் பாடம் ஒன்று இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள புகையானுக்கு முட்கோவும் ஏஎஸ்டி 7உம் தடையாக இல்லை. பிலிப்பைன்ஸ் பூச்சிக்குப் புதிதாக இருந்த காப்பு, நம் பூச்சிக்குப் பழக்கமானதாக இருந்திருக்கலாம். ஆனால் பட்டாம்பியின் பிடிபி 33உம் இலங்கையின் ரத்து ஹீனட்டியும் இங்கும் தாக்குப்பிடித்தன. ஒன்றுக்கு மேற்பட்ட காப்புகள் சேர்ந்திருப்பதே அவற்றின் பலம்.

இன்று: தங்கக் கம்பியில் கேட்பது

புகையான் எந்த நொடியில் ஒரு நெல்லை ஏற்கிறது, எந்த நொடியில் விலக்குகிறது என்பதை இன்றைக்கு நேரடியாகப் பதிவு செய்ய முடிகிறது. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை வெள்ளிப் பசையால் பூச்சியின் முதுகில் ஒட்டுவார்கள். செடி நிற்கும் மண்ணில் இன்னொரு கம்பி. பூச்சி வாயை இறக்கியதும் மின்சுற்று முழுமையாகும். திரையில் ஓடும் அலையின் வடிவத்தை வைத்து ஊசி எங்கே நிற்கிறது, குடிக்கிறதா, தேடிக்கொண்டிருக்கிறதா என்று படிக்கலாம். எதிர்ப்பு ரகத்தில் தேடலின் அலை நீண்டுகொண்டே போகும், குடிக்கும் அலை சிறு துண்டுகளாக வந்து நின்றுபோகும்.

கருவி இல்லாத இடத்தில் ஒரு தாளே போதும். புரோமோகிரசால் கிரீன் சாயம் தோய்த்த வடிதாளைத் தூரின் அடியில் விரித்து வைத்தால், மேலே இருக்கும் பூச்சி கழிக்கும் துளிகள் அதில் விழும். சாற்றுக்குழாயில் குடித்தால் நீலப்புள்ளி. நீர்க்குழாயில் வெறும் தண்ணீரைக் குடித்துத் தாகம் தீர்த்திருந்தால் வெள்ளைப்புள்ளி. பிடிக்காத நெல்லில் மாட்டிக்கொண்ட புகையானின் தாள் வெளுத்துக் கிடக்கும்.

நெல் என்ன செய்து அதை நிறுத்துகிறது என்பதும் தெரியவந்திருக்கிறது. சில ரகங்களின் சாற்றில் ஆக்சாலிக் அமிலம், சில ஃபிளேவனாய்டுகள் போன்றவை பூச்சியின் குடியை மட்டுப்படுத்துகின்றன. முட்கோவின் சாற்றில் பூச்சி விரும்பும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் குறைவு. இன்னொரு காப்பு இன்னும் நேரடியானது. பூச்சி குத்தியதும் சாற்றுக்குழாயின் சல்லடைத் துளைகளில் காலோஸ் என்ற பொருளைப் படியவைத்து நெல் குழாயையே அடைத்துக்கொள்கிறது. தாக்குப்பிடிக்காத ரகமும் அடைக்கத்தான் பார்க்கிறது, ஆனால் அடைப்பு சீக்கிரம் கரைந்து பூச்சிக்கு வழி திறந்துவிடுகிறது.

2009இல் சீன ஆய்வாளர்கள் பிபிஎச் 14 மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு காட்டு நெல்லிலிருந்து வந்தது. 2015இல் ரத்து ஹீனட்டியின் பிபிஎச் 3 பிரித்தெடுக்கப்பட்டபோது, அது அடுத்தடுத்து நிற்கும் மூன்று மரபணுக்களின் தொகுதி என்று தெரிந்தது. இலங்கையின் பழைய நெல் பல பத்தாண்டுகளாக உடையாமல் நின்றதற்கு அங்கே ஒரு விளக்கம் கிடைத்தது. இன்று 40க்கும் மேற்பட்ட புகையான் எதிர்ப்பு மரபணுக்களை இனம் கண்டிருக்கிறார்கள். ஒரே நெல்லுக்குள் இரண்டு மூன்றைச் சேர்ப்பது ஆய்வு நிலையங்களின் இப்போதைய வேலை.

இன்று: வரப்பில் நின்று பார்த்தால்

ஆய்வகத்தில் இவ்வளவு தெரிந்த காலத்தில் வயல் எப்படி இருக்கிறது? சன்ன அரிசிக்குத்தான் விலை. அதனால் ஆந்திரா பொன்னி என்று நாம் அழைக்கும் பிபிடி 5204 ஊர் ஊராக நிற்கிறது. சோறு நன்றாக இருக்கும், வியாபாரி தேடி வருவார். புகையானும் தேடி வரும். புகையான் எளிதாகக் குடித்துத் தீர்க்கும் ரகங்களில் பிபிடி 5204உம் ஒன்று. நகரத்துச் சமையலறையின் ருசி அறுவடைக்கு முன்பே பூச்சியின் ருசியோடு சேர்ந்துவிடுகிறது.

உரத்திலும் அதே நிலை. மற்ற உரங்களைவிட யூரியா மலிவு. பயிர் கருகருவென்று நின்றால் மனதுக்குத் திருப்தி. அந்தக் கரும்பச்சைதான் புகையானுக்குப் பெரிய அழைப்பு. இலை வண்ண அட்டையை இலையோடு ஒட்டிப் பார்த்து, நிறம் குறைந்தால் மட்டும் மேலுரம் போடுங்கள் என்கிறார்கள். அட்டை மிக மலிவு; அதைக் கையில் வைத்திருப்பவர்கள்தான் குறைவு.

வயலில் இறங்கித் தூரை விலக்கிப் பார்ப்பதும் அரிதாகிவிட்டது. புகையானை வரப்பில் நின்று காண முடியாது. தூரைச் சாய்த்து அடித்தண்டைக் கையால் தட்டினால் பழுப்புக் குஞ்சுகள் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்து, மேற்பரப்பிலேயே பக்கவாட்டில் நழுவித் தண்டுக்குத் திரும்பும். அவற்றுக்கு நடுவே சிலந்தி ஓடுகிறதா என்று பார்ப்பது முக்கியம். வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி, சிலந்தி இல்லாத வயலில் தூருக்குள் ஒரு தண்டுக்கு ஒரு புகையான் வந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தண்டுக்கு இரண்டு புகையான்வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தியின் வேலைக்கு அந்தக் கணக்கில் இடம் இருக்கிறது. பக்கத்து வயலில் தெளிக்கிறார்கள் என்பதற்காகத் தெளிக்கும்போது அந்தச் சிலந்திதான் முதலில் சாகிறது.

சில பழைய வழக்கங்கள் புதிய காரணத்தோடு திரும்பி வருகின்றன. எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விட்டு நடுவது அவற்றில் ஒன்று. வெயிலும் காற்றும் அடித்தூருக்குப் போனால் புகையான் அங்கே தங்க விரும்பாது. நண்டு ஓடும் இடைவெளி விட்டு நெல் நட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதில் இதுவும் அடங்கும். தண்ணீரை வடித்து, காயவிட்டுக் கட்டுவதும் அப்படியே. வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் விதைத்தால் அந்தப் பயிர்களை நாடி வரும் பூச்சிகளோடு, அந்தப் பூச்சிகளைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளும் தங்கும். சீனா, தாய்லாந்து, வியட்நாம் நாடுகளில் வரப்போரம் எள் போன்ற தேன் சுரக்கும் செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். பூச்சிக்கொல்லித் தெளிப்பு 70 விழுக்காடு குறைந்து, விளைச்சல் 5 விழுக்காடு கூடியதாக 2016இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

தாயின் தேர்வைப் பயன்படுத்துவது

புகையான் தானே குடித்துத் தேர்ந்தெடுக்கிறது. புழுக்களின் கதை வேறு. அங்கே தாய் அந்துப்பூச்சி முட்டையிடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. குஞ்சுப் புழு பிறந்த இடத்தில் தின்கிறது. தாய் எதை விரும்பும் என்று தெரிந்தால் அதை நாம் சொல்லும் இடத்துக்கே வரவைக்கலாம்.

மானாவாரி நிலத்தில் நிலக்கடலைக்கும் பருத்திக்கும் நடுவில் அந்தக் காலத்தில் ஆமணக்கு நிற்கும். விளக்குக்கும் வண்டி அச்சுக்கும் எண்ணெய் வேண்டியிருந்தது. தனிப்பயிர் வந்ததும் ஆமணக்கு போய்விட்டது. இன்று அதையே வரப்போரம் பொறிப்பயிராக விதைக்கச் சொல்கிறார்கள். புரொடீனியா அந்துப்பூச்சிக்கு ஆமணக்கின் அகன்ற இலை மிகவும் பிடிக்கும். முட்டைக் குவியலும், அதிலிருந்து வெளிவந்து இலையைச் சல்லடையாக அரிக்கும் இளம்புழுக் கூட்டமும் தூரத்திலிருந்தே கண்ணில் படும். அந்த இலையைக் கிள்ளி அழித்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் போகும்.

ஓசூர்ப் பக்கத்து முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு வெர்ஷாஃபெல்ட்டின் கடுகே துணைக்கு வரக்கூடும். 25 வரிசை முட்டைக்கோஸுக்கு 2 வரிசை கடுகு என்ற முறையைப் பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. வைரமுதுகு அந்துப்பூச்சி முட்டைக்கோஸைவிடக் கடுகை விரும்பி முட்டையிடும். தக்காளியில் காய்ப்புழுவுக்குச் செண்டுமல்லி வைப்பதும் இதே வழி. செண்டுமல்லி நாற்று மூத்ததாக இருந்து, தக்காளி பூக்கும் நேரத்தில் அதுவும் பூத்து நிற்க வேண்டும். நாள் தவறினால் பொறி வேலை செய்யாது. பூச்சியின் விருப்பம் செடியின் பருவத்தோடு சேர்ந்தது.

விதை எடுக்கும் நாளில்

1950களுக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை, போகவும் முடியாது. அன்றைக்கு இருந்த பன்மை தெரிந்து வகுத்த காப்பு அல்ல. நிலமும் நீரும் கட்டாயப்படுத்திய வாழ்க்கை முறை. இன்று நமக்குக் காரணம் தெரியும். பூச்சியின் ஊசி எங்கே நிற்கிறது என்பதுகூடத் தெரியும். தெரிந்த பிறகும் ஒரு வட்டாரம் முழுக்க ஒரே ரகத்தை விதைத்து, கரும்பச்சை வரும்வரை யூரியா போட்டு, பூச்சி வந்த பிறகு மருந்துக்கடைக்கு ஓடுவது நாமே வரவழைத்துக்கொள்ளும் செலவு.

இதில் தனி விவசாயியின் கையில் இருப்பது கொஞ்சம்தான். உரத்தின் அளவு, நடவில் விடும் பட்டம், வரப்புப் பயிர் ஆகியவை அவர் கையில் இருக்கின்றன. ரகத்தின் பரப்பு ஊரின் கையில் இருக்கிறது. ஒரு வாய்க்காலில் பாயும் வயல்களில் ஒரே நெல் நிற்காமல் இரண்டு மூன்று ரகங்களாகப் பிரித்து நடுவது கூட்டாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய காரியம். பாசனச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தண்ணீர் முறையைப் பேசும் அதே கூட்டத்தில் ரகத்தையும் பேசலாம். எதிர்ப்புத் திறன் உள்ள நெல்லுக்கு நல்ல விலை கிடைக்கும்படி செய்வது கொள்முதல் செய்பவர்களின் கையிலும், சாப்பிடும் நம் கையிலும் இருக்கிறது.

பழைய ரகங்களைக் காப்பாற்றுவதும் இதே கணக்கில் சேரும். டிகேஎம் 6க்குள் பிபிஎச் 1 இருந்தது அதை வளர்த்த யாருக்கும் தெரியாது. இன்னும் எத்தனை நாட்டு நெல்லுக்குள் எதை எதிர்க்கும் குணம் இருக்கிறதோ, விதை இருந்தால்தான் தேட முடியும். விதை வங்கியில் குளிரூட்டி வைப்பது ஒரு வழி. ஊருக்கு நான்கு பேர் கால் ஏக்கரிலாவது அவற்றை நட்டு விதை எடுப்பது இன்னொரு வழி. வயலில் நிற்கும் நெல்தான் ஆண்டுதோறும் அன்றைய பூச்சியைச் சந்தித்துக்கொண்டிருக்கும். இரண்டும் வேண்டும். அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்கும்போது விலை என்ன, நாள் எத்தனை என்று கேட்பதோடு, இதைப் பூச்சி விரும்புமா, பக்கத்து வயல்களிலும் இதுவேதான் நிற்கப்போகிறதா என்றும் கேட்போம். அந்த நேரத்தில் தேர்வு இன்னும் நம் கையில் இருக்கிறது.